மடக்கிய கையில் மருதாணி

அறிவியல் கேள்வி-பதில்

(பெங்களூருவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மூலக்கூறுகளின் எடையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரைப் பார்த்துக்கொள்ளும் நம் பத்தியாளர், போன இதழில் தன் வேலையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தார்: "புரதத்தில் ஒரு வேதிப்பொருளை ஒட்டுவோம், எடை பார்ப்போம், அதிலிருந்து வடிவத்தை ஊகிப்போம்." அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்களே இந்த இதழ் முழுக்க.)

அல்சூரிலிருந்து ஒரு வாசகி: மேடம், எடைக்கும் வடிவத்துக்கும் என்ன சம்பந்தம்? என் எடையைப் பார்த்து நான் உட்கார்ந்திருக்கிறேனா, நிற்கிறேனா என்று சொல்லிவிடுவீர்களா?

இந்தக் கேள்விக்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன், அக்கா. சொல்ல முடியாது. புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. அது ஒழுங்காக மடிந்து சுருண்டிருந்தாலும், அவிழ்ந்து கிடந்தாலும் எடை ஒன்றுதான். வெறும் எடையிலிருந்து வடிவம் வராது. அதனால்தான் முதலில் எதையாவது ஒட்டுகிறோம்.

ஆடி மாதம் மருதாணி வைத்துக்கொள்வீர்கள் அல்லவா? கையை இறுக்கி மூடிக்கொண்டு, மேலே விழுதைப் பூசிவிட்டுத் தூங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் கழுவிவிட்டு விரித்தால் விரல்களின் வெளிப்பக்கம் சிவந்திருக்கும், உள்ளங்கை வெளுத்திருக்கும். ராத்திரி உங்களைப் பார்க்காதவர்கூடக் கை மூடியிருந்தது என்று சொல்லிவிடலாம். நாங்கள் செய்வதும் அதுதான். இதை வெறும் உவமையாக நினைக்க வேண்டாம். மருதாணி இலையில் லாசோன் என்றொரு பொருள் இருக்கிறது. அது தோலிலுள்ள கெரட்டின் புரதத்தோடு நிஜமாகவே வேதிப்பிணைப்பு போடுகிறது. சோப்புக்கும் போகாமல் நிற்பது அதனால்தான்.

எங்கள் லேபில் லாசோனுக்குப் பதிலாக வேறு பொருட்கள். லைசின் என்ற அமினோ அமிலத்தில் அசிட்டைல் தொகுதியை ஒட்டினால் எடை 42 டால்டன் கூடும் (டால்டன் என்பது அணு எடைக்கான அலகு; ஒரு ஹைட்ரஜன் அணு சுமார் 1 டால்டன்). சிஸ்டீனில் அயோடோஅசிட்டமைடு போட்டால் 57 கூடும். என்-எத்தில்மாலிமைடு போட்டால் 125. புரதம் மடிந்திருக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவிழ்த்து, டிரிப்சின் போன்ற நொதியால் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கருவிக்குள் அனுப்புவோம். இந்தத் துண்டில் 42 கூடியிருக்கிறது, அதில் இல்லை என்றால், இதிலுள்ள லைசின் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அதிலுள்ளது எங்கோ ஒளிந்திருந்தது என்று ஊகிக்கலாம். துண்டுக்குள் சரியாக எந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், கருவிக்குள்ளேயே வாயுவில் மோதவிட்டு அதை மேலும் உடைப்போம்.

வரிசையை மாற்றினால் கதை கெட்டது. கையை விரித்துவிட்டு மருதாணி பூசினால் எல்லா இடமும் சிவக்கும், அதில் சேதி ஒன்றும் இல்லை.

ஒரு தகவல். 1980-கள் வரை புரதம் போன்ற பெரிய மூலக்கூறை உடைக்காமல் வாயு நிலைக்குக் கொண்டுவந்து எடை போடுவது பெரும்பாடு. மின்தெளிப்பு முறையைக் கொண்டுவந்த ஜான் ஃபென்னுக்கும், லேசரால் ஆவியாக்கிக் காட்டிய கொய்ச்சி தனாகாவுக்கும் 2002-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். மறுபாதியைப் பெற்ற குர்ட் வுத்ரிக், அணுக்கருக்களின் காந்தத் தன்மையைப் பயன்படுத்தும் என்.எம்.ஆர். முறையில் புரத வடிவத்தைக் கண்டவர். எடை பார்த்தவர்களும் வடிவம் பார்த்தவர்களும் ஒரே மேடையில் நின்ற வருடம் அது.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பொதுத்துறை ஊழியர்: என் சொந்த ஊர் தூத்துக்குடி. அங்கே கனநீர் ஆலை உண்டு. உங்கள் மாதிரி லேபுகளிலும் கனநீர் வைத்திருப்பதாக என் பேத்தி சொல்கிறாள். அணு உலைக்குப் போகிற அதே சரக்கா? அவள் கையால் தொடலாமா?

அதே சரக்குதான் ஐயா, பயப்பட ஒன்றும் இல்லை. கனநீரில் கதிரியக்கம் கிடையாது. அதிலிருக்கும் டியூட்டிரியம், ஹைட்ரஜனின் கொஞ்சம் பருத்த அண்ணன். கருவில் ஒரு நியூட்ரான் கூடுதல், அவ்வளவுதான். 1931-ல் ஹரால்ட் யூரி கண்டுபிடித்தார், 1934-ல் நோபல் வாங்கினார். நீங்கள் குடிக்கிற தண்ணீரிலேயே ஹைட்ரஜன் அணுக்களில் சுமார் 6400-க்கு ஒன்று டியூட்டிரியம்தான். கனநீர் 3.8 டிகிரியிலேயே உறைந்துவிடும். அந்தக் கட்டியைச் சாதாரணத் தண்ணீரில் போட்டால் மிதக்காமல் மூழ்கும். பேத்தியைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

உங்கள் ஊர் ஆலை உரத் தொழிற்சாலையை ஒட்டிக் கட்டியது. ஹைட்ரஜன் வாயுவும் அமோனியாவும் ஒன்றையொன்று தொடும்போது டியூட்டிரியம் இடம் மாறுவதை வைத்துத்தான் அங்கே அதைச் செறிவாக்கினார்கள். எங்கள் வேலையும் அதே இடமாற்றத்தில்தான் நிற்கிறது.

புரதச் சங்கிலியின் முதுகெலும்பில், புரோலினைத் தவிர அநேகமாக ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஒரு நைட்ரஜன், அதில் ஒரு ஹைட்ரஜன். புரதத்தைக் கனநீரில் போட்டால் இந்த ஹைட்ரஜன் போய் அந்த இடத்தில் டியூட்டிரியம் வந்து உட்காரும். ஒவ்வொன்றுக்கும் எடை சுமார் 1 டால்டன் ஏறும். சங்கிலி தளர்ந்து தொங்கும் பகுதியில் இந்த மாற்றம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். சுருளாகவோ தகடாகவோ இறுகி, அந்த ஹைட்ரஜன் அக்கம்பக்கத்து அணுவோடு பிணைப்பில் மாட்டிக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில், சில இடங்களில் நாள்கணக்கில் மாறாது. 10 நொடி, 1 நிமிடம், 10 நிமிடம், 1 மணி நேரம் என்று எடுத்துப் பார்த்தால், எந்தப் பகுதி நெகிழ்வாக இருக்கிறது, எது இறுகியிருக்கிறது என்று தெரியும்.

இதில் ஒரு தொல்லை. மருதாணி போல இது நிலைக்காது. சாதாரணத் தண்ணீரைப் பார்த்த உடனே டியூட்டிரியம் கழன்று ஓடப் பார்க்கும். நல்லவேளையாக, pH சுமார் 2.5-லும் வெப்பநிலை 0 டிகிரியிலும் இந்த இடமாற்றம் மிக மிக மெதுவாகிவிடுகிறது. அதனால் குறித்த நொடியில் குளிர்ந்த அமிலத்தை ஊற்றி நிறுத்துவோம். அதற்குப் பிறகு ஓட்டம்தான். ஐஸ் வாளிக்கும் கருவிக்கும் நடுவில் யாரும் குறுக்கே வரக்கூடாது. வெட்டுவது, துண்டுகளைப் பிரிப்பது எல்லாமே குளிரிலேயே, சில நிமிடங்களுக்குள். எவ்வளவு வேகமாகச் செய்தாலும் ஏறியதில் ஒரு பங்கு கழன்றுதான் போகும். முழுக்க டியூட்டிரியம் ஏற்றிய மாதிரி ஒன்றைத் தனியாக ஓட்டி, எவ்வளவு போயிற்று என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

பேத்தியிடம் இரண்டு சொல்லுங்கள். கனநீர்க் குப்பியை மழைக்காலத்தில் திறந்து வைக்க வேண்டாம், பெங்களூரு ஈரக்காற்றிலுள்ள சாதாரணத் தண்ணீர் அதில் கலந்துவிடும். இரண்டாவது, கனநீரில் pH மீட்டர் காட்டும் எண்ணோடு 0.4 கூட்டிக்கொள்ள வேண்டும். லேப் நோட்டில் எதை எழுதினோம், காட்டிய எண்ணையா கூட்டிய எண்ணையா என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டைப் பார்ப்பவர் வாழ்த்துவார்.

இந்த யோசனை பழசு. 1950-களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் தொடங்கியது. அவரிடம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் எல்லாம் இல்லை. மேலிருந்து கீழே அடர்த்தி கூடிக்கொண்டே போகும் திரவக் குழாயில் ஒரு சொட்டு நீரை விட்டு, அது எங்கே நிற்கிறது என்று பார்த்து டியூட்டிரியத்தை அளந்தார். எனக்கு அவர் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. அந்தக் குழாய்க்கு மின்சாரம் வேண்டாம். இங்கே கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்த ஒரு நொடியில் வெற்றிட பம்ப் என்ன ஆகுமோ என்று யு.பி.எஸ்.ஸைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

மத்திகெரெயிலிருந்து ஓர் எம்.எஸ்ஸி. மாணவர்: அக்கா, ப்ராஜெக்டுக்காக ஒரு புரதத்தின் லைசின்களில் என்.எச்.எஸ். அசிட்டேட் என்ற வேதிப்பொருளால் அசிட்டைல் ஒட்டினேன். முதலில் டிரிஸ் பஃபரில் (pH-ஐ நிலையாக வைக்கும் கரைசலில்) செய்தேன், ஒன்றுமே ஒட்டவில்லை. பாஸ்பேட்டுக்கு மாற்றி, ஆயிரம் மடங்கு வேதிப்பொருள் சேர்த்து, ராத்திரி முழுக்க வைத்தேன். இப்போது எல்லா லைசினிலும் 42 ஏறியிருக்கிறது. எல்லா லைசினும் மேற்பரப்பில் இருக்கிறது என்று எழுதலாமா? இன்னொன்று, நடுவில் ஒரு நீளமான பகுதி டேட்டாவிலேயே காணோம்.

எழுத வேண்டாம், தம்பி.

டிரிஸ் விஷயம் எளிது. டிரிஸ் மூலக்கூறிலேயே ஓர் அமின் இருக்கிறது. நீங்கள் போட்ட வேதிப்பொருளைப் புரதத்துக்கு முன்னால் அதுவே தின்றுவிட்டது. பாஸ்பேட், ஹெப்பீஸ் இரண்டில் எதுவும் சரி. டிரிஸைத் தூக்கிப் போடவும் வேண்டாம். நேரம் முடிந்ததும் மிச்ச வேதிப்பொருளைக் காலி செய்ய அதையே ஊற்றலாம்.

ஆயிரம் மடங்கும் ராத்திரி முழுக்கவும்தான் சிக்கல். லைசினுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. அசிட்டைல் ஒட்டியதும் அது போய்விடும். நாலைந்து இடத்தில் மின்னூட்டம் போனால் அவற்றை நம்பிப் பிடித்துக்கொண்டிருந்த எதிர்மின்னூட்டப் பக்கங்கள் விலகும், மடிப்பு நெகிழும், உள்ளே இருந்தது வெளியே வரும், அதிலும் ஒட்டும். கடைசியில் நீங்கள் அளந்தது உங்கள் வேதிப்பொருள் கெடுத்த புரதத்தை. மேலும், லைசின் பொதுவாகவே தண்ணீர்ப் பக்கம் நிற்கிற ஆசாமி. அது வெளியே இருக்கிறது என்பது செய்தியே அல்ல. பத்து லைசினில் எது முதல் நிமிடத்தில் ஏறியது, எது தயங்கியது என்பதுதான் செய்தி. ஆகவே வேதிப்பொருளைக் குறையுங்கள், நேரத்தைக் குறையுங்கள், ஒரு மூலக்கூறுக்குச் சராசரியாக ஒன்று ஒட்டும் அளவிலிருந்து ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள். ஒவ்வொரு லைசினுக்கும் வேகத்தைக் கணக்கிடுங்கள். வரைபடத்தில் கோடு ஓரிடத்தில் திடீரென்று வளைந்தால் அங்கேதான் புரதம் கெட்டது. புரதத்தின் மடிப்பை ஒளியால் சோதிக்கும் சர்க்குலர் டைக்ராயிசத்தில் ஒட்டியதையும் ஒட்டாததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் உங்கள் கைடும் வாயைத் திறக்க மாட்டார்.

காணாமல் போன பகுதிக்கு வருவோம். டிரிப்சின் லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும். அசிட்டைல் ஒட்டிய லைசினை அது தொடாது. அந்த நடுப்பகுதியில் ஆர்ஜினின் அரிதாக இருந்திருக்கும். துண்டு மிக நீளமாக வந்திருக்கும். கருவியும் மென்பொருளும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அதே மாதிரியைக் கைமோடிரிப்சினாலோ குளூ-சி நொதியாலோ வெட்டிப் பாருங்கள். மென்பொருளில் வெட்டாமல் விட்ட இடங்களின் எண்ணிக்கையையும் கூட்டி வையுங்கள். உயிரணுவிலிருந்து எடுத்த புரதமாக இருந்தால், 42 எல்லாமே நீங்கள் ஒட்டியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று மெத்தில் ஏறினாலும் 42 தான். அசிட்டைல் 42.011, மூன்று மெத்தில் 42.047. ஆர்பிட்ராப் போன்ற கருவியில் அந்த 0.036 வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஒட்டாத மாதிரியையும் ஓட்டிப் பாருங்கள்.

இந்தத் துறையில் நான் தனியாக நிற்கும் ஒரு எண்ணை நம்புவதே இல்லை. அதே புரதம், மருந்தோடு ஒருமுறை, மருந்து இல்லாமல் ஒருமுறை, மற்ற எல்லாம் ஒன்றே: அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம்தான் பேசும். அதையும் அவசரப்பட்டுப் படிக்கக் கூடாது. மருந்து வந்த பிறகு ஒரு பகுதியில் ஒட்டுவது குறைந்தால், மருந்து அங்கேயே உட்கார்ந்து மறைத்திருக்கலாம். வேறெங்கோ உட்கார்ந்து இந்தப் பகுதியை இறுக வைத்திருக்கவும் செய்யலாம். கட்டுரைகளில் முதல் விளக்கத்தை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம்.

எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு பொறியாளர்: ஒட்டுவதால் புரதமே வடிவம் மாறிவிடும் என்றால், மாறுவதற்கு முன்பே ஒட்டி முடிக்க வழி இல்லையா?

இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த புரதக் கரைசல் மெல்லிய குழாயில் ஓடும்போது 248 நானோமீட்டர் லேசரால் கண் இமைக்கும் நேரத்தை விடவும் மிகக் குறைவாகச் சுடுவார்கள். பெராக்சைடு உடைந்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற, எதோடும் சட்டென்று வினைபுரியும் துணுக்கு வரும். அது கண்ணில் பட்ட பக்கச் சங்கிலியில் எல்லாம் பாயும். பெரும்பாலும் 16 டால்டன் ஏறும். கரைசலில் குளூட்டமினையும் கலந்து வைத்தால் மீதி ரேடிக்கலை அது விழுங்கிவிடும்; வேலை மைக்ரோ நொடி அளவில் முடிந்துவிடும். புரதம் பெரிதாக அவிழ அந்த அவகாசம் போதாது. 2005-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மைக்கேல் கிராஸ் குழு வெளியிட்ட முறை இது. மெத்தியோனின், சிஸ்டீன், டிரிப்டோஃபேன் இவை சட்டென்று மாட்டும். கிளைசின் போன்றவை லேசில் மாட்டாது. அதனால் இரண்டு வெவ்வேறு அமினோ அமிலங்களை நேருக்கு நேர் ஒப்பிட்டு "இதுதான் அதிகம் வெளியே" என்று சொல்லக் கூடாது. லேசர் அறைக்குள் போகுமுன் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஜீவன் பீமா நகரிலிருந்து ஒரு வாசகர்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி எடுக்கச் சொல்கிறார்கள். "ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது" என்று டாக்டர் சொன்னார். நீங்கள் ஒட்டுவதும் அதுவும் ஒன்றா?

பிரமாதமான கேள்வி. ஒன்றேதான் ஐயா, நீங்கள் காசு கொடுக்காமல் உங்கள் உடம்பே செய்துகொள்கிறது. ரத்தத்திலுள்ள குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி ஆரம்பிக்கிற வேலின் அமினோ அமிலத்தில் போய் ஒட்டுகிறது. எடை 162 டால்டன் கூடும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு அதிகமோ, எவ்வளவு நாள் அதிகமோ, அந்த அளவுக்கு ஒட்டும். சிவப்பணு வாழ்வது சுமார் 120 நாள். அதனால்தான் இந்தச் சோதனை, நேற்று ராத்திரி நீங்கள் சாப்பிட்ட மைசூர்பாக்கை விட்டுவிட்டு, இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்கிறது.

உலகெங்கும் சோதனைக்கூடங்களின் அளவுகள் ஒத்துப்போவதற்காக ஒரு சர்வதேச மூல முறை வைத்திருக்கிறார்கள். அதில் குளூ-சி நொதியால் பீட்டா சங்கிலியின் முதல் ஆறு அமினோ அமிலங்களை வெட்டி எடுத்து, சர்க்கரை ஒட்டிய துண்டு எவ்வளவு, ஒட்டாதது எவ்வளவு என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பார்கள். மேலே மாணவருக்குச் சொன்ன அதே நொதி. உங்கள் தெருமுனை லேபில் இந்தக் கருவி இருக்காது; அவர்கள் வேறு எளிய முறைகளில் பார்ப்பார்கள், ஆனால் அளவுகோல் இங்கிருந்துதான் போகிறது. அந்த முறையில் அலகும் வேறு: நாம் 6.5 சதவீதம் என்பதை அவர்கள் 48 என்பார்கள். வெளிநாட்டில் பிள்ளை வீட்டில் இருக்கும்போது ரிப்போர்ட்டில் 48 பார்த்துப் பதற வேண்டாம்.

ரத்தசோகை இருந்தாலோ, ஹீமோகுளோபினே பிறவியில் மாறுபட்டிருந்தாலோ இந்த எண் ஏமாற்றலாம். அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

காக்ஸ் டவுனிலிருந்து ஒரு வாசகர்: புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு மென்பொருள் வந்த பிறகு உங்களுக்கு வேலை இருக்கிறதா?

இருக்கிறது, கூடியும் இருக்கிறது. ஆல்ஃபாஃபோல்டுக்காக டெமிஸ் ஹசாபிசும் ஜான் ஜம்பரும் 2024-ல் வேதியியல் நோபலில் பாதியைப் பெற்றார்கள், தகும். மறுபாதி புதுப் புரதங்களை வடிவமைக்கும் டேவிட் பேக்கருக்கு. ஆனால் அந்த மென்பொருள் தருவது புரதம் நிற்கக்கூடிய ஒரு நிலையை. அது எங்கே துடிக்கிறது, மருந்து வந்ததும் எது அடங்கியது என்பதை இன்னும் கரைசலில்தான் பார்க்க வேண்டும். மென்பொருள் தந்த வடிவத்தில் ஒரு லைசின் ஆழத்தில் இருக்கிறது, என் டேட்டாவில் அது முதல் நிமிடத்திலேயே ஏறுகிறது என்றால், அன்றைக்கு எனக்கு நல்ல நாள்.

அப்படி வருகிற வடிவங்கள் சாத்தியமானவையா என்று சரிபார்க்க இன்றும் எல்லோரும் போட்டுப் பார்ப்பது ராமச்சந்திரன் வரைபடம்; புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று அது காட்டும். ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் செய்து 1963-ல் வெளியிட்டது. பிறகு அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிரியற்பியல் துறையை ஆரம்பித்தார். பெங்களூரு பையன்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்லிக்காட்டுவதுண்டு.

மல்லேஸ்வரத்திலிருந்து ஓர் அம்மா: என் மகள் உங்களைப் போன்ற லேபில் சேர்ந்திருக்கிறாள். பெப்சின் என்று ஏதோ உபயோகிக்கிறாளாம், பன்றி வயிற்றிலிருந்து எடுத்தது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாள். நாங்கள் சுத்த சைவம். வேறு எதுவும் கிடையாதா?

சொல்வது நிஜம் அம்மா. கடையில் வாங்கும் பெப்சின் பெரும்பாலும் பன்றியின் இரைப்பையிலிருந்து வருவதுதான். கனநீர் வேலையில் அதை விட்டால் முடியாத நிலை: pH 2.5 அமிலத்தில், ஐஸ் குளிரில், புரதத்தை வெட்டக்கூடிய நொதி வேண்டும். டிரிப்சின் அங்கே படுத்துவிடும். வயிற்று அமிலத்திலேயே வேலை பார்த்துப் பழகிய பெப்சின் சளைக்காமல் வெட்டும்.

வேறு வழியும் இல்லாமல் இல்லை. பூஞ்சையிலிருந்து எடுத்த அமில நொதிகள் இருக்கின்றன. நெபந்தசின் என்று இன்னொன்று, பூச்சி தின்னும் குடுவைத் தாவரத்தின் செரிமான நீரிலிருந்து வந்தது. அந்தத் தாவரக் குடும்பத்தில் ஒன்று நம் மேகாலயாவின் காசி மலைகளில் வளர்கிறது. நெபந்தசின், பெப்சின் அவ்வளவாகத் தொடாத இடங்களிலும் வெட்டும் என்பதால் கனநீர் ஆய்வில் அதற்கு நல்ல பெயர். பூச்சியைத் தின்கிற செடி சைவக் கணக்கில் சேருமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் மகளின் கைடு இரண்டையும் வாங்கச் சொல்வார். இரண்டு நொதியும் வெவ்வேறு இடத்தில் வெட்டினால் துண்டுகள் ஒன்றன் மேல் ஒன்று படியும். டியூட்டிரியம் ஏறிய இடத்தை இன்னும் நெருக்கமாகக் குறிக்கலாம். ஆகவே பெப்சின் ஃப்ரிட்ஜிலேயே இருக்கும். கையுறை போட்டுக்கொண்டுதான் எடுப்பாள், கவலைப்படாதீர்கள்.